அப்பா ரயில் பார்த்த நாள்

அப்பா முதன்முதலாக ரயில் பார்த்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அப்போது அவருக்கு ஏழு வயதிருக்கும். தாத்தா நூம்பலில் ஒருவர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். யாரோ ஒருவரின் சாவுக் காரியத்துக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு திருவேற்காடு, பருத்திப்பட்டு, ஆவடி என்று பட்டாபிராம் வரைக்கும் நடந்தே போனார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகும்போது கரி எஞ்சின் ஊதியது. அப்பா பயந்துபோய், கையிலிருந்த துணிப்பையைச் சேற்றில் போட்டுவிட்டு ஓடினார். தாத்தா துரத்திப் பிடித்து முதுகில் நாலு வைத்தார்.

"ரயிலு என்ன ஒண்ணும் பண்ல. எங்கப்பன்தான் என் மேல ஏறிட்டான்" என்று அப்பா கதையை முடிப்பார். நாங்கள் சிரிப்போம்.

அது யாருடைய காரியம் என்று நாங்கள் கேட்டதில்லை. அவருக்கும் தெரியாது. அடுத்த வருடமே தாத்தா போய்விட்டார். ஆயா, அப்பாவின் அம்மா, பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போனார். சூளைக்குச் சூளை மாறியதில் சொந்தக்காரர்கள் எல்லாம் விட்டுப்போனார்கள். பிறகு அம்பத்தூரில் தொழிற்பேட்டை, அதுதான் எஸ்டேட், வந்தது. அப்பா அங்கே மூட்டை தூக்கப் போய், ஒரு கம்பெனியில் நிரந்தரமானார். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் அம்பத்தூர் என்போம். அதற்கு முந்தியதைப் பேசுவதில்லை.

நான் பத்தாவதோடு நின்று, எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலைக்குப் போனேன். எண்பதுகளின் கடைசியில் பட்டாபிராமிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஆவடியில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று நான் தலை நிமிரவே இல்லை. கிளம்பும்போது, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவர் கேட்டார்: "காயில் சுத்தும்போது கம்பி வெரல அறுக்காதா?"

"அறுக்கும்" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. நாலு வருடமாக அந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

அடுத்த வாரம் நாள் குறிக்க அவருடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். என் அப்பாவை வாய் நிறைய சம்பந்தி, சம்பந்தி என்றார்கள். "பத்திரிகை அடிக்கறதுக்கு முன்னாடி எங்க சாமிக்குப் பொங்கல் வெச்சிடணும். திருநின்றவூர் ஏரிக்கரையில கீற கன்னிமாரு" என்றார் அவருடைய அம்மா.

என் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, எங்களுக்கும் அதே கன்னிமாருதாங்க! எங்க புள்ளைங்களுக்கெல்லாம் மொட்டை அடிச்சதே அங்கதான்" என்றாள்.

அவருடைய அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "வேப்பமரத்தாண்ட ஏழு கல்லு, அதுவா?"

"அதேதாங்க."

"அப்ப நாம பங்காளி ஆவறமே. குலசாமி ஒண்ணுன்னா ரத்தமும் ஒண்ணுதான? பையனுக்குப் பொண்ணு தங்கச்சி மொறையால்ல ஆவுது!" என்றவர் என் அப்பா பக்கம் திரும்பினார். "உங்க தாத்தா எந்த ஊரு? பேரு இன்னா?"

"தெர்லிங்க. சூளை சூளையா திரிஞ்சவங்க நாங்க. எங்கம்மா கும்பிட்ட சாமிய நாங்களும் கும்பிடறோம்."

மாப்பிள்ளையின் அப்பா கெட்ட மனிதர் இல்லை. போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டு, "மனசுல வெச்சிக்காத தம்பி" என்றார். சம்பந்தியாக இருந்த என் அப்பா அரை மணி நேரத்தில் தம்பி ஆகிவிட்டார்.

நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒரு வாரமாக ஒருவரையே நினைத்துக்கொண்டிருந்தவளிடம், அவர் உனக்கு அண்ணன் என்றால் என்ன செய்வது? அதை யாரிடம் சொல்வது? கம்பெனியில் அந்த வாரம் கம்பி இரண்டு தடவை ஆழமாக அறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு ரயில் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். நூறு தடவை கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் அந்தப் பை என் மனதில் நின்றது. குழந்தைகள் போனதும் கேட்டேன். "அந்தப் பையில இன்னாப்பா இருந்துச்சு?"

"பொடவ. புச்சு. மடிப்புகூட கலையல. அதனாலதான அவ்ளோ அடி."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினாள். "சாவு ஊட்டுக்குப் புதுப் பொடவயா? யோவ், அது கோடியாச்சே!"

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிப் புடவை கொண்டுபோவார்கள். பங்காளி கொண்டுபோக மாட்டான். அப்படியென்றால் பட்டாபிராமில் அன்றைக்குத் தாலி இழந்தவள் தாத்தாவுடன் பிறந்தவள். அப்பாவுக்கு அத்தை. மாப்பிள்ளை வீடும் அதே பட்டாபிராம்தான்.

"அது அவங்க ஊட்டு ஆயாவா இருக்குமாப்பா?" என்றேன்.

"வாயே தொறக்காதது எவ்ளோ தூரம் யோசிச்சிகினு கீது பாரு" என்றாள் அம்மா. எனக்கு முகம் சுட்டது.

அன்றைக்கே கிளம்பினோம். பெண் அங்கே போகலாமா என்று அப்பா தயங்கினார். "இப்போதைக்குத் தங்கச்சிதான? போனா இன்னா?" என்று அம்மா என் கையைப் பிடித்து ரயிலேற்றினாள்.

அவர்கள் வீட்டில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எப்போதும் சொல்வதுபோலவே கதையைச் சொன்னார். இந்தத் தடவை நூம்பலிலிருந்து தொடங்கினார். நூம்பல் என்றதுமே மாப்பிள்ளையின் அப்பா நிமிர்ந்துவிட்டார். பை சேற்றில் விழுந்த இடம் வந்ததும் எழுந்தே நின்றார்.

"சேத்துலயா? எங்கம்மா சாவுற வரிக்கும் சொல்லிகினு இருந்துச்சே! 'பொறந்த ஊட்டுக் கோடிகூட எனக்குச் சேத்தோட வந்துச்சு, நான் இன்னா பாவம் பண்ணேன்'னு. அடப்பாவி, அது நீதானா?"

அப்பா கை கூப்பினார். ஐம்பது வயதை நெருங்கியவர், அடி வாங்கப்போகும் பிள்ளைபோல நின்றார். அவரோ அப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அப்ப சாமி எப்பிடி ஒண்ணாச்சு?" மாப்பிள்ளையின் அம்மா தன் வீட்டுக்காரரை விடவில்லை.

"எங்கம்மாவோட ஆளுங்க செய்யாறு பக்கத்துலருந்து நூம்பலுக்கு அறுப்புக்கு வந்தவங்க. திரும்பிப் போவல. அவங்க சாமி அங்கயே நின்னுபோச்சு. அதான் மாமன், எங்கம்மாவ குடுத்த எங்க ஊட்டு சாமிக்கே பொங்கல் வெச்சிகினு இருந்தாரு. அம்மா சொல்லியிருக்கு. எனக்குத்தான் அன்னிக்கு ஞாபகம் வரல. மாமன் செத்த பொறவு அந்த ஊட்டு ஆளுங்க எங்க போனாங்கன்னே தெரியாம பூடுச்சு." அப்பாவின் முதுகில் ஓங்கித் தட்டினார். "இவன் என் மாமன் புள்ள! பங்காளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மச்சான்!"

எங்களிடம் நிலமும் இல்லை, பத்திரமும் இல்லை. யார் சாவுக்கு யார் எதைக் கொண்டுபோனார்கள் என்ற நினைவு மட்டும்தான் இருந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. நான் வாசலுக்கு வந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டேன். விரலில் துணி சுற்றியிருந்ததை அங்கே நின்றிருந்த மாப்பிள்ளை பார்த்துவிட்டார். "இன்னும் அறுக்குதா?" என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"கூறப்பொடவ நாங்க எடுக்கறது" என்று அவருடைய அப்பா உள்ளேயிருந்து கத்திக்கொண்டிருந்தார். "மச்சான் கையில மட்டும் குடுத்துடாதீங்க!"

கல்யாணத்தன்று தட்டில் வைத்த கூறைப்புடவையை எல்லோரும் தொட்டு ஆசீர்வதித்தார்கள். அப்பா மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று சிரித்தார்.