அத்தை போடாத கையெழுத்து

கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊராட்சியைப் பெண்களுக்கென்று ஒதுக்கிய வருஷம், அப்பாவின் தங்கையான என் அத்தை தேர்தலில் நின்று ஜெயித்தாள். ஜெயித்தது அவள், ஊர் 'பிரசிடெண்ட்' என்று கூப்பிட்டது மாமாவை. அத்தைக்குக் கிடைத்த பெயர் 'பிரசிடெண்ட் வீட்டம்மா'. தீர்மான நோட்டில் மாமா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் அவள் வேலை என்று அவள் உட்பட எல்லோரும் நினைத்திருந்தோம்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, ஒரு சுதந்திர தினத்தன்று, கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கிராம சபைக் கூட்டம் நடந்தது. இரண்டாவது மிட்டாய் கிடைக்குமென்று நான் அங்கேயே நின்றேன். கிளார்க் நீட்டிய நோட்டை அத்தை அன்றைக்கு எழுத்துக்கூட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். ஊருணியின் கிழக்குக் கரையில் கடைகள் கட்டிக்கொள்ள ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்றிருந்தது. பிள்ளையில்லாத ஓர் ஆச்சி தன் நகைகளை விற்று, எந்தக் காலத்திலோ ஊருக்கு வெட்டிவிட்ட ஊருணி அது. ஊரே அதில்தான் குடிதண்ணீர் எடுத்தது.

மாமா குனிந்து, போடு என்றார்.

"இத்தன நாளும் நீங்க காட்டுனீக, போட்டேன். இது அந்த ஆச்சி ஊருக்கு விட்ட தண்ணி. இதுல போடமாட்டேன்."

பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். குடத்தோடு ஓரமாக நின்ற பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடை கட்ட வந்தவருக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்த மாமா, வண்டியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு தடவை தட்டினாள். உள்ளே மாமா செருமுவது கேட்டது, கதவு திறக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா எதுவும் கேட்காமல் இலை போட்டாள். அப்பாதான், "ஒரு கையெழுத்துத்தான, போட்டுட்டு வந்திருக்கலாம்ல" என்றார். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்தக் கரையில் இன்றுவரை கடை வரவில்லை. மாமா அவளை அழைத்துப்போக வந்தது எட்டு மாதம் கழித்து. அதுவரை அவள் என் பக்கத்தில் படுத்தாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள், காலையில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகிற வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டாள். எனக்கோ அவ்வளவு சந்தோஷம். மாமா வந்துவிடக் கூடாது என்று தினமும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். பக்கத்தில் கண்ணை மூடி வெகுநேரம் நின்ற அத்தையும் அதையேதான் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன்.