உப்புக்கறைச் சீட்டு

சுனாமி அலை அடித்து ஓய்ந்த பிறகு ஹட் பே ஊரில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. இடிந்த வீட்டுச் சேற்றிலிருந்து அப்பா தோண்டி எடுத்தவற்றில் உருப்படியாக மிஞ்சியது ஒரு சீட்டுக்கட்டுதான். மலிவான காகிதச் சீட்டு. காயவைத்ததும் ஒவ்வொன்றின் முதுகிலும் ஒவ்வொரு விதமாக உப்புக்கறை படிந்திருந்தது.

தினமும் சாயங்காலம் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் நாலு பேரும் கழுதை ஆடுவோம். கடைசிவரை கையில் சீட்டோடு நிற்பவர்தான் கழுதை. சித்தப்பாவின் நாலு வயது மகள் நடுவில் உட்கார்ந்து நீதிபதி மாதிரி பார்த்துக்கொண்டிருப்பாள். சித்தியை அலை கொண்டுபோனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கழுதையான தன் அப்பாவின், அதாவது சித்தப்பாவின், முதுகில் ஏறினால் மட்டும் வாயைத் திறப்பாள். அம்மா பின்னாலேயே போய் ஊட்டுவாள். தோற்காமல் சும்மா குனிந்தால் அந்தக் குட்டியிடம் செல்லாது.

சித்தப்பாவோ ஒருநாள் தவறாமல் தோற்றார். தவறியாவது ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டாமா? ஒரு மனுஷன் இவ்வளவு சுத்தமாகத் தோற்க முடியுமா என்று வாயைப் பிளந்து பார்ப்பேன். எனக்குப் பெருமை வேறு. கறைகளை ரகசியமாக மனப்பாடம் செய்து, யார் கையில் என்ன சீட்டு என்று முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துத் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

போர்ட் பிளேர் கப்பலில் வந்த ஒருவரிடமிருந்து அப்பா புதுக்கட்டு ஒன்று வாங்கிவந்தார். இனி இந்தக் குப்பை எதற்கு என்று பழையதைத் தூக்கி அடுப்பில் போட்டார். சித்தப்பா கையை நீட்டுவதற்குள் பற்றிக்கொண்டது.

அன்றைக்கு அம்மா கழுதை. சித்தப்பா முதல் ஆளாக ஜெயித்துவிட்டார். ஆனாலும் மண்டியிட்டுக் குனிந்தார். மகள் அசையவில்லை.

"நீ ஜெயிச்சிட்ட. நீ கழுதை இல்ல."

அவள் பட்டினியாகவே தூங்கிப்போனாள். மறுநாளும் அதே கதைதான். அம்மா தட்டோடு உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா ஒரு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, பளபளவென்று இருந்த புதுக்கட்டை அப்படியே அதில் முக்கினார். அரே, என்ன காரியம் செய்கிறீர்கள் என்று கத்தினேன்.

"விடு பாப்பா. நம்ம ஊருச் சீட்டு கொஞ்சம் உப்புத் தண்ணி குடிக்கட்டும்," என்றார்.

ஐம்பத்திரண்டையும் தகரத்தின் மேல் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கூழாங்கல் வைத்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக எடுத்து முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். உதடு எதையோ முணுமுணுத்தது. சித்தி போன துக்கத்தில் இவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று எனக்குப் பாவமாகவும் பயமாகவும் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சித்தப்பா கழுதையானார். தங்கச்சி முதுகில் ஏறிக்கொண்டு இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை, புதுக் கறைகளை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டேன். அந்த வீட்டில் முதுகைப் பார்த்தே சீட்டைச் சொல்லும் கெட்டிக்காரி நான் ஒருத்திதான் என்றும், பாவம், சித்தப்பாவுக்கு மட்டும் சீட்டு ஆடவே தெரியாது என்றும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.