அஞ்சு கேவிஏ ஏன் நின்றது

"மேடம், உங்க ஜெனரேட்டர் திரும்பவும் ட்ரிப் ஆயிடுச்சு. அத்தாவுக்கு சிலிண்டர் மாட்டியிருக்கேன். ஒரு மணி நேரம்தான் வரும். வேற சிலிண்டர் சாயங்காலம்தான்."

போனில் அன்வர் பாய். அவருடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நுரையீரல் நோய். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் உழவர்கரையில் அவர் வீட்டுக்கு லோடு கணக்கெடுத்து, அஞ்சு கேவிஏ ஜெனரேட்டர் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். முப்பது வருஷமாக இதே வேலை. என் கணக்கு தப்பாது என்று கொஞ்சம் திமிரும் உண்டு.

நான் போய்ச் சேர்வதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பெரியவர் அறை ஏசி, ஃப்ரிட்ஜ், ஃபேன், ஆக்சிஜன் மெஷின், எல்லாம் ஓடும்போது லோடு அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் லோடு. எல்லாரிடமும் சொல்லிவிட்டு மெயினை இறக்கினேன். பாய் ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்து லைனை அதற்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் தள்ளினார். ஜம்மென்று ஓடியது. மூன்று தடவை இப்படிச் செய்து பார்த்தோம், மூன்று தடவையும் ஓடியது.

"நீங்க இருந்தா ஓடுது. போனா நிக்குது" என்றார் பாய்.

எங்கள் கம்பெனி மேனேஜருக்கு போன் செய்தேன். "பத்து கேவிஏ குடுத்துட்டு வாம்மா. எதுக்கு வம்பு?"

எனக்கு மண்டை காய்ந்தது. அஞ்சு ஏன் நிற்கிறது என்று தெரியாமல் பத்தை எப்படி நம்புவது? கட்டிலில் பெரியவர் மூக்கில் குழாயுடன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலிண்டர் முள் சிவப்பை நெருங்கியிருந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது.

பாயின் மனைவி ஷகீலா டீ கொடுத்தாள். பாதி குடித்திருப்பேன், நிஜமாகவே கரண்ட் போனது. பாய் அத்தாவுக்கு சிலிண்டரைத் திறந்துவிட்டு வெளியே ஓடினார்.

ஷகீலா உள்ளறை போர்டில் இருந்த சுவிட்சையெல்லாம் டக்டக்கென்று போட்டுப் பார்த்தாள். "இங்க எதுலயும் வரல. மேல இருக்கா?"

மாடியில் பாயின் தம்பியும் அதையே செய்தார். "மேலயும் இல்ல."

போட்டதை யாரும் அணைக்கவில்லை. வெளியே ஜெனரேட்டர் ஒரு முக்கு முக்கி நின்றது.

அப்போதுதான் உறைத்தது. நான் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெயினை இறக்கியபோது யாரும் சுவிட்சைத் தொடவே இல்லை. இப்போது கீழே கீசர் ஆனில், மேலே கீசர் ஆனில். ஓடி ஓடி அணைத்தேன். ஹாலில் தண்ணீர் மோட்டாரும் ஆனில் இருந்தது, அதையும் அணைத்தேன். இத்தனையும் சேர்ந்தால் அஞ்சு கேவிஏ தாங்காது.

"ஸ்டார்ட் பண்ணுங்க பாய்."

ஜெனரேட்டர் ஓடியது. ஆக்சிஜன் மெஷின் பீப் என்று ஒலித்து மூச்சுவிடத் தொடங்கியது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"மோட்டாரை யாரு போட்டது?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன்.

ஷகீலா தயங்கினாள். "நீங்கதான் மேடம். டீ குடிச்சிக்கிட்டே, கரண்ட் இருக்கான்னு போட்டுப் பாத்தீங்க."

மறுநாளே இரண்டு கீசரையும் மோட்டாரையும் ஜெனரேட்டர் லைனிலிருந்து பிரித்தோம். அதே அஞ்சு கேவிஏதான் இன்றும் ஓடுகிறது. லோடு எடுக்கப் போகும் பிள்ளைகளே, கரண்ட் இருக்கும்போது எது ஓடுகிறது என்று மட்டும் எழுதாதீர்கள். போனால் யார் கை எந்த சுவிட்சுக்குப் போகும் என்றும் எழுதுங்கள். உங்கள் கையையும் சேர்த்து.