தறியில் கட்டிய சிவப்பு கிரேப் காகிதம்

அந்த ஆயுத பூஜை மாலையில் வீட்டில் இருந்தது அப்பா, அம்மா, நான். அக்கா போளூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். பூஜைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த முதலாளி வரவில்லை. பட்டும் ஜரிகையும் அவருடையவை. தறி மட்டும்தான் எங்களுடையது.

அதில் சந்தன நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை முக்கால்வாசி முடிந்திருந்தது. சாமி பார்க்கட்டும் என்று மூடுதுணியை எடுத்துவிட்டு, நெய்த பாகத்துக்கு நேர் மேலே சிவப்பு கிரேப் காகிதத்தை முறுக்கித் தோரணமாகக் கட்டியிருந்தார் அப்பா.

எங்கள் தெருத் தறிகளுக்கு முதலில் மாவிலைதான் கட்டுவார்களாம். பிறகு பட்டம் செய்யும் மெல்லிய காகிதம் வந்தது. பலமாகக் காற்றடித்தாலே கிழியும். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கிளேஸ் காகிதம் வீட்டுக்குள் வந்தது. ஒரு பக்கம் பளபளவென்று நிறம், மறுபக்கம் வெள்ளை. கிரேப் வேறு சாதி. சுருக்கம் சுருக்கமாக இருக்கும், இழுத்தால் துணிபோல நீளும், இரு பக்கமும் ஒரே நிறம். துணிபோல இருந்ததாலேயே அப்பாவுக்குப் பிடித்துப்போனது.

"தண்ணி பட்டா சாயம் வுட்டுடும்பா. ஸ்கூல்ல இத்த ஊற வெச்சித்தான் கலர் தண்ணி பண்ணுவோம்" என்றேன்.

"இதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சனா?" என்று சிரித்தார். சாயம் போட்டு வரும் பட்டு நூலை நனைத்து வேட்டி ஓரத்தில் தேய்த்துப் பார்க்காமல் தறியில் ஏற்றாதவர் அவர். காகிதத்தை அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை.

கற்பூரம் காட்டி முடித்ததும் மழை பிடித்தது. ஓட்டுச் சந்திலிருந்து ஒழுகிய நீர் தோரணத்தில் இறங்கியது. நான் குடையை விரித்துத் தறிக்கு மேலே பிடித்தேன். அதற்குள் காகிதம் ஊறிவிட்டது. முறுக்கின் நுனியில் சிவப்பு திரண்டுகொண்டிருந்தது. பூஜையில் வைத்த தறியை மறுநாள் காலை மறுபூஜை வரை தொடக்கூடாது; மூடுதுணி போட்டாலும் தொட்டதுதான். சாரலுக்குக் கதவைச் சாத்தியிருந்தோம். தறிக்கும் சுவருக்கும் நடுவில், புகையில், மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இன்னாங்க பாத்துகினு கீறீங்க? ஜல்தியா அவுத்துப் போடுங்க" என்றாள் அம்மா.

"சாமிக்கு வெச்சது. கை வெச்சா வருசம் பூரா தறி ஓடாது."

"பொடவ கெட்டா மட்டும் ஓடுமா? முதலாளிக்கு சாமியா வந்து பதில் சொல்லும்?"

"நான் எடுக்கட்டாப்பா?"

"நீ எடுத்தா மட்டும் வேற வூட்டுக் கையா?"

அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். முதல் சொட்டு பட்டில் விழுந்து குங்குமப் பொட்டளவு பரவியது. அடுத்தது அதன் பக்கத்திலேயே.

அம்மா எழுந்து தட்டில் இன்னொரு கற்பூரத்தை ஏற்றித் தறிக்குக் காட்டினாள். வெளியில் இன்னும் விளக்கு வைக்கும் நேரம்கூட ஆகவில்லை. "மறுபூஜ ஆயிடுச்சி. விடிஞ்சிடுச்சி, எழுந்துருங்க" என்றாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். சுடரில் கை காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தோரணத்தைப் பிடித்து இழுத்தார். நனைந்த கிரேப்புக்கு வலு கிடையாது. நடுவில் அறுந்து, மொத்தமும் கொழகொழவென்று புடவையின் மேலேயே விழுந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். "முகூர்த்தக்காரங்களுக்கு நான் இன்னா சொல்றது? பேஜாரு பண்ணிட்டியே" என்றார். டேமேஜ் விலைக்குத் தள்ளிவிடுவதாகச் சொல்லி, நெய்தவரை புடவையைத் தறியிலிருந்து அறுத்துக்கொண்டு போனார். எங்கள் கூலியும், பட்டுக்கென்று அவர் பிடித்துக்கொண்டதும் சேர்த்து எங்களுக்கு ஆன நஷ்டம் இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.