விரதம் இருந்த பூனை

காலையில் எங்கள் வீட்டில் முதலில் எழும் கேள்வி "போச்சா?" என்பதுதான். கேட்பவர் என் கணவர். கேட்பது எங்கள் பூனையைப் பற்றி. நான் மணல் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். போயிருந்தால் அன்றைக்கு இட்லிக்கு இரண்டு சட்னி. போகாவிட்டால் இருவரும் முந்தின நாள் பேப்பரையே மறுபடி படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

பூனைக்குப் பதினான்கு வயது. சர்க்கரை நோய். என் கணவருக்கும் சர்க்கரைதான். காலையும் மாலையும் சாப்பாட்டு மேஜையருகே இருவருக்கும் ஊசி. பூனை சத்தமில்லாமல் போட்டுக்கொள்ளும். மற்றவர் கொஞ்சம் முனகுவார்.

சர்க்கரை ஏற ஏற உடம்பில் நீர் வற்றி, பூனைக்கு வயிறு இறுகிவிட்டது. ஒருமுறை எனிமா கொடுத்துச் சரிசெய்த கால்நடை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வேகவைத்த கோழி, அது வெந்த தண்ணீரோடு. கூடவே மசித்த அரசாணிக்காய், அதாவது மஞ்சள் பூசணி, கொஞ்சம், இளக்குவதற்கு ஒரு சிரப். வேறெதுவும் வாயில் படக்கூடாது.

"மறுபடி அடைச்சுதுன்னா சாப்பிடறத நிறுத்திருமுங்க. சாப்பிடாம ஊசி போட முடியாது. இந்த வயசுல அப்புறம் நான் எதுவும் உறுதி சொல்ல முடியாதுங்க."

டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் வடவள்ளித் தெருவுக்கு யார் சொல்வது? இங்கே "சாப்டாச்சுங்களா" என்று கேட்காமல் யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை. பூனையும் அதில் அடக்கம். நான் கோழியை ஆறவைத்துக் காத்திருப்பேன். அவன் மூன்று வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு மீசையில் நெய் பளபளக்க வந்து சேர்வான். பக்கத்து வீட்டில் அரிசிம்பருப்புச் சோறு. கடைசி வீட்டில் பால். எதிர்வீட்டில் ஒப்புட்டு, நெய் சொட்டும் இனிப்புப் போளி.

எதிர்வீட்டு அம்மா ஒரு காலத்தில் நூல் மில் நடத்திய குடும்பம். பூனையைத் தெலுங்கில் கொஞ்சுவார், என்னைத் தமிழில். அவரிடம்தான் முதலில் போய்ச் சொன்னேன்.

"அவனுக்குச் சக்கரைங்கம்மா. எதுவும் போடாதீங்க."

"எங்கூட்டுக்காரருக்கும் சக்கரைதான் கண்ணு. அவரு திங்காததா? வாசல்ல வந்து நிக்கறத எப்படி வெறும் வயித்தோட அனுப்பறது? ஒரே வாய்தான்."

அந்த ஒரே வாயை என் கணவரும் அறிவார். செடிக்குத் தண்ணீர் விடும் சாக்கில் அவர் கேட்டருகே நிற்கும் நேரமும் எதிர்வீட்டில் ஒப்புட்டுத் தட்டு வெளியே வரும் நேரமும் எப்படியோ ஒன்றாகவே இருக்கும். இரண்டு நோயாளிகளும் ஒரே தட்டில் கைவைப்பதை மாடியிலிருந்து நானே பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை போடலாம் என்றால், "சரிங்க", "ஆகட்டுங்க" என்று பணிவாகத் தலையாட்டிவிட்டு மறுபடியும் போடுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்போது மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டியிருந்தார்கள். கையில் காப்புக் கட்டியவர்களுக்கு விரதம். அவர்களிடம் யாரும் கண்டதையும் நீட்ட மாட்டார்கள். மஞ்சள் தேய்த்த நூலைப் பார்த்ததும் எனக்குள் குறும்பு விழித்துக்கொண்டது. ஒரு துண்டை எடுத்துப் பூனையின் கழுத்தில் தளர்வாகக் கட்டித் தெருவில் விட்டேன்.

"எனக்குத் தெரியாம அவனுக்குத் தாலி கட்டிப்போட்டியா?" என்றார் என் கணவர்.

சற்று நேரத்தில் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்தார். "ஏங்கண்ணு, என்ன இது?"

"அவன் விரதமுங்க. வெளிச் சாப்பாடு ஆகாது."

"யாருக்காக கண்ணு?"

இதை நான் யோசித்து வைக்கவில்லை. கண்ணில் பட்டவர் என் கணவர். "இவருக்காகத்தானுங்க. இவரு சக்கரை எறங்கோணும்னு நேர்ந்து விட்டிருக்குது."

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது. பூனை ஒவ்வொரு கேட்டாக நின்று கத்தினான். எல்லோரும் அவனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அதைவிட வேடிக்கை என் கணவர் பாடு. செடிகள் வெள்ளத்தில் மிதந்தும் எதிர்வீட்டுத் தட்டு வெளியே வரவில்லை. "வாயில்லாச் சீவனே உங்களுக்காகக் கட்டுப்பாடா இருக்குது, நீங்க இருக்கவேண்டாங்களா?" என்று ரோட்டில் போகிறவர்கள் அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் என்னை முறைத்தார். நான் அரசாணிக்காயை மசித்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வயிற்றைத் தவிர. பழைய அடைப்பு முழுதாக இளகவில்லை. நோம்பி முடிந்த மறுநாள் காலை, "போச்சா?" என்ற கேள்விக்கு வெறும் மணல் தட்டைத்தான் தூக்கிக் காட்டினேன். பூனை கோழித் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஊசி என் கையிலேயே இருந்தது. போன் செய்தபோது டாக்டர், "ஊசி வேண்டாங்க. ஒடனே கொண்டாந்துருங்க, அட்மிட் பண்ணிக்கலாம்," என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சமையலறையில் கேலண்டர் அம்மன் முன்னால் நின்றேன். "உன் பேரைச் சொல்லி ஊரை ஏமாத்துனது நான். அவன் மேல கோவிச்சுக்காத. அவனுக்கு நல்லாயிட்டா நான் இனிமே இனிப்பத் தொடல." எனக்குச் சர்க்கரை கிடையாது. ஒப்புட்டு என்றால் உயிர்.

பூனையைக் கொண்டுபோக வெளியே எடுத்து வைத்த கூடையைத் தூக்கத் திரும்பினால், வாசலில் தெருப் பெண்கள். காப்பு அவிழ்க்க வந்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர், வேப்பிலை, எதிர்வீட்டு அம்மா கையில் ஒப்புட்டுத் தட்டு. அந்த நிலைமையிலும் வந்தவர்களை நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. பவானி ஜமுக்காளத்தை விரித்தேன். கூடையைக் கண்டு சோபாவுக்கு அடியில் பதுங்கியிருந்த பூனை மெல்ல நடந்து வந்தான். எல்லோரும் கைகூப்பினார்கள். அவன் ஜமுக்காளத்தின் நட்டநடுவில் குந்தினான். முதுகை வளைத்தான். கண்ணை இடுக்கினான்.

போனான். தாராளமாகப் போனான்.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி. நான்தான் "போயிருச்சு!" என்று கத்தினேன். குளியலறையிலிருந்து பாதி நுரையோடு என் கணவர் ஓடிவந்தார். வெட்கமில்லாமல் எல்லோர் முன்னாலும் அழுதேன். பூனை லேசான உடம்போடு நேரே போய்க் கோழித் தட்டில் வாயை வைத்தான். டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நல்லா சாப்ட்டானா ஊசி போட்ருங்க. சாயங்காலம் கொண்டாந்து காட்டுங்க," என்றார்.

ஜமுக்காளத்தைச் சுருட்டி வெளியே போட்டதும், எதிர்வீட்டு அம்மா ஒப்புட்டைப் பிட்டார். "விரதந்தான் முடிஞ்சுதே, அவனுக்கு ஒரே வாய்."

பாய்ந்து போய் அதைக் கையில் வாங்கிக்கொண்டேன். "அவனுக்கு இனி எப்பவும் விரதந்தானுங்க."

"அப்ப நீயாச்சும் தின்னு கண்ணு."

வாய் வரை போன கை நின்றுவிட்டது. "எனக்கும் விரதமுங்கம்மா."

"நீ யாருக்காக?"

இந்த முறை பொய் தேவைப்படவில்லை. பூனையைப் பார்த்தேன். எல்லோரும் பூனையைப் பார்த்தார்கள். இதற்குள் என் கணவர் தட்டிலிருந்து ஒரு முழு ஒப்புட்டை எடுத்திருந்தார்.

"எனக்காக அவன், அவனுக்காக நீ," என்றார். "அப்ப நான் யாருக்காக இருக்கறதாமா?"

"எனக்காக இருங்க," என்றேன்.

கேலியாகத்தான் சொல்ல நினைத்தேன். கெஞ்சலாக வந்துவிட்டது. அவர் ஒப்புட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.