பெடல் 'வருது' என்றாள்

1998-ஆம் ஆண்டு, பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. தேதிகளை மறக்காதவன் என்று நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. இந்த நாளை மட்டும் நான் நினைவில் வைத்துக்கொள்ள முயன்றதே இல்லை, அதுவாகவே தங்கிவிட்டது. எங்களுக்கு அது தலைப்பொங்கல். மதுரை கோரிப்பாளையத்தில் குடியிருந்த நாங்கள், சோழவந்தானில் இருந்த என் மனைவியின் தாய்வீட்டுக்கு எங்கள் ஜீப்பில் முதல்முறையாகக் கிளம்ப இருந்தோம்.

ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் அது. கண்மாய்க்கரை, ஆற்றுமணல் என்று சாலையில்லாத இடங்களில் சுற்றுவது என் ஆசை. அதற்காக ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி வண்டியை உயர்த்தியிருந்தேன். உயர்த்தியதும், சக்கரங்களுக்குப் போகும் பிரேக் ஹோஸ்கள் நீளம் போதாமல் விறைத்து நின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, மேலே கம்பி பின்னிய நீளமான ஹோஸ்களை நானே மாட்டினேன். மிச்சமிருந்த வேலை ஏர் எடுப்பது. குழாய்க்குள் காற்று தங்கினால் பெடல் பஞ்சுபோல் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். நான் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தேன். மனைவி மேலே உட்கார்ந்து பெடலை மிதித்தாள். "மிதி... பிடி" என்பேன். அவள் பெடலை அமுக்கிப் பிடிப்பாள். நான் சக்கரத்தின் பின்னாலிருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் தளர்த்துவேன். கண்ணாடிபோன்ற சின்ன டியூப் வழியாக பிரேக் ஆயிலும் குமிழிகளும் ஜாம் பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை இறுக்கிவிட்டு "விடு" என்பேன். காலை வெயில் அந்த டியூபில் பட்டுத் தேன்நிறமாக மின்னியது. குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் தூக்கம் வரும்போலிருந்தது. பள்ளிவாசல் பக்கத்துப் புறாக்கள் எங்கேயோ குனுகிக்கொண்டிருந்தன.

நான்கு சக்கரங்களும் முடிந்தபின், "நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இரு. பெடல் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"வருது."

"நல்லா வருதா?"

"வருதுங்க. மெதுவா வருது."

மகிழ்ச்சியோடு வெளியே வந்தேன். நானும் நாலு முறை படபடவென்று மிதித்துப் பார்த்தேன். கல்போல் இருந்தது. கைகழுவிவிட்டுக் கிளம்பினோம்.

சமயநல்லூர் தாண்டியதும் பெரிய சாலையை விட்டு வைகைக்கரை வண்டிப்பாதையில் இறங்கினேன். தை மாதத்துப் பனி முழுதாக விலகவில்லை. வெற்றிலைக் கொடிக்கால்கள் பச்சைச் சுவர்களாக இருபுறமும் வந்து வந்து மறைந்தன. அகத்திப்பூக்கள் வெளிறித் தொங்கின. யாரோ காணும் கனவுக்குள் நாங்கள் ஓட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

பாதை ஓரிடத்தில் சரிவாக இறங்கியது. சரிவின் அடியில் ஒருவர், கேரியரில் வெற்றிலைக் கட்டுகளோடு சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்தினேன். தண்ணீருக்குள் காலை விட்டதுபோல் பெடல் சத்தமில்லாமல் தரையைத் தொட்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றுமில்லை. கைபிரேக்கை இழுத்தேன். வண்டி நடுங்கியது, நிற்கவில்லை. ஹாரன் அடித்தேன். அவர் ஒதுங்க அங்கே இடமே இல்லை. அவருடைய சட்டையின் முதுகுத் தையல்கூடத் தெரிகிற தூரம்.

ஸ்டியரிங்கை ஆற்றுப் பக்கம் ஒடித்தேன். நாணலை உரசிக்கொண்டு ஜீப் கரையிலிருந்து இறங்கியது. கொக்குகள் வெள்ளையாக எழும்பின. என் தோளில் மனைவியின் கை. ஆற்றுமணல் சக்கரங்களை மெல்ல வாங்கிக்கொண்டது. என்ஜின் அணைந்தது. அதன்பின் இருந்த அமைதியை இன்றும் என்னால் கேட்க முடிகிறது.

சைக்கிள்காரர் கரைமேல் வந்து நின்றார். "என்னண்ணே, பாதை அம்புட்டு நீளத்துக்குக் கெடக்கு, ஆத்துல எறக்கிட்டீக? படகுன்னு சொல்லி வித்துப்புட்டாய்ங்களா?"

"பிரேக் வரலண்ணே" என்றேன்.

மனைவி திரும்பினாள். "நான்தான் காலையிலேயே வருது வருதுன்னு சொன்னேன்ல?"

"வருதுன்னுதானே சொன்ன? வந்தா நல்லதுதானே?"

"அய்ய! கால் வச்சு அமுக்கினா அதுபாட்டுக்குக் கீழே வருதுன்னு சொன்னேன்."

"அதைப் போகுதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"தலைப்பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குக் கெளம்பறோம். வண்டியில உக்காந்துக்கிட்டு, போகுதுன்னு வாயால சொல்லச் சொல்றீங்களா?"

"தங்கச்சி சொல்றது சரிதாண்ணே" என்றார் அவர், எனக்கு இரக்கமே காட்டாமல்.

என் மனைவி வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிக் கிளம்புவதில்லை, 'வாரேன்'தான். விளக்கு அணைந்தாலும் 'குளிர்ந்தது' என்பார்கள், அபசகுனமான சொல் வாயில் வரக்கூடாது. திருமணமான புதிதில் ஒருநாள் "அரிசி நிறைஞ்சிருச்சு" என்றாள். நான் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வெளியே போய், மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பினேன். தீர்ந்துவிட்டது என்பதுதான் அதன் பொருள். பிரேக் பெடலுக்கும் அந்த மரியாதை உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

வண்டிக்கடியில் ஊர்ந்து பார்த்தேன். முன்சக்கரத்து ஹோஸ் இணைப்பில் செம்பு வாஷர் சரியாக உட்காராமல் ஆயில் கசிந்திருந்தது. படபடவென்று மிதித்தால் தெரியாத கசிவு, அமுக்கிப் பிடித்திருந்தால்தான் பெடல் மெல்ல இறங்கிக் காட்டும். பழைய ஹோஸ்களிலிருந்து எடுத்துவைத்த வாஷர்களில் நல்லதொன்றைப் போட்டு இறுக்கினேன். டின்னில் மீதமிருந்த ஆயிலை ஊற்றி, அந்த மணலிலேயே மறுபடி ஏர் எடுத்தோம்.

"இப்ப அமுக்கிப் பிடி. கீழே போச்சுன்னா, போகுதுன்னே சொல்லணும். சரியா?"

அவள் பெடலை அமுக்கிப் பிடித்தாள். மேலே கொக்குகள் திரும்பி வந்து இறங்கும் சத்தம். வெகுநேரம் கழித்து அவள் குரல் கேட்டது: "போகலங்க. நின்னுருச்சு." கொஞ்சம் நிறுத்தி, "சாமி, மன்னிச்சுக்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

சைக்கிள்காரரும் சேர்ந்து தள்ள, ஜீப் கரையேறியது. தாய்வீட்டுக்கு என்று ஒரு கவுளிக் கட்டு வெற்றிலையை அவள் மடியில் வைத்துவிட்டு, "வாரேண்ணே, வாரேன் தங்கச்சி" என்று சைக்கிளில் ஏறிப் போனார்.

இன்றும் நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் 'வாரேன்' என்கிறேன். நாங்கள் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று ஒருத்தி மாற்றிச் சொன்ன சொல்தான் அன்று எங்களை ஆற்றில் இறக்கியது என்றாலும், அந்த ஆசையின் பலத்தில்தான் மணல் எங்களைத் தாங்கிப் பிடித்தது என்று நம்பவே எனக்குப் பிடித்திருக்கிறது.