சிங்கம் தேய்ந்த கிண்ணம்

அமுதவல்லிக்கு அழுக்கைக் கண்டால் ஆகாது. கடைசியில் அதுவே அவளுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் பங்களாவில், பழைய துரை விட்டுப்போன வெள்ளிச் சாமான்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் அவற்றை இறக்கித் திருநீறு தொட்டுத் தேய்ப்பது அவள் வேலை. அதில் உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் ஒன்று, மூன்று குட்டிக் கால்களில் நிற்கும். அதன் அடியில் வரிசையாகச் சில கறுப்புப் புள்ளிகள். "அடியில அழுக்கு நிக்குது பாரு" என்று எஜமானி பெரியம்மா ஒருநாள் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், அந்தப் புள்ளிகளை அவள் வாராவாரம் ஒரு கை பார்த்தாள். வருசங்கள் கழித்து அடி வழவழவென்று ஆனபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

போன தையில் பெரியம்மா காலமானார். மருமகள் கௌரி கோயம்புத்தூரிலிருந்து வந்து பங்களாவைக் கையில் எடுத்தாள். எந்தச் சாமான் எதற்கானது என்று தெரிந்துகொள்ள, ஏற்காட்டில் பழம்பொருள் வாங்கி விற்கும் ரொனால்டை அழைத்தாள். அவர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கிண்ணத்தைக் கவிழ்த்தார்.

"முத்திரையே இல்லைங்களே மேடம். இங்கிலாந்து வெள்ளின்னா அடியில சிங்கம் இருக்கும். பக்கத்துலயே செஞ்சவனோட எழுத்தும் இருக்கும்."

"சிங்கம் இருந்துச்சு. கல்யாணமாகி வந்த புதுசுல மாமா எனக்குக் காட்டியிருக்காரு" என்ற கௌரி, அமுதவல்லி பக்கம் திரும்பினாள். "அந்தக் கிண்ணம் எங்கே?"

"இதேதானுங்க சின்னம்மா. அழுக்குன்னு நெனச்சு நாந்தானுங்க தேய்ச்சுப் போட்டேன்."

"தேய்ச்சா சிங்கம் போயிடுமா?"

"போகும் மேடம், நாள்பட்டா போகும்" என்றார் ரொனால்ட். "ஆனா இது அதே கிண்ணம்தானான்னு என்னால சொல்ல முடியாது."

ஞாயிற்றுக்கிழமை அவர் மீதிச் சாமான்களைப் பார்க்க மறுபடி வருவார். அதற்குள் நிஜக் கிண்ணம் வர வேண்டும், வராவிட்டால் எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கௌரி சொல்லிவிட்டாள். கண்ணெதிரே இருக்கிற கிண்ணத்தை அமுதவல்லி எங்கே போய்க் கொண்டுவருவாள்?

மறுநாளே எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிட்டது. கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கேட்டில் வாட்ச்மேன் அவள் பையைத் திறந்து காட்டச் சொன்னார். "பொறப்பட்டு வந்துரும்மா" என்று சேலத்திலிருந்து மகள் மலர் போனில் அழுதாள். எப்படிப் போவது? இந்த நேரத்தில் மூட்டையோடு பஸ் ஏறினால், திருடினேன் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரிதான். இருக்கவும் வழியில்லை, போகவும் வழியில்லை.

அந்தக் கிண்ணத்துக்கு ஜோடி ஒன்று உண்டு. அது அவளுக்கு முதலிலேயே நினைவு வந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. பூஜை அலமாரியில், சாமி படங்களுக்குப் பின்னால், குங்குமத்தோடு இருந்தது அது. புருசன் அம்மாசி மிளகு பறிக்கப் போய், கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து செத்தான். காரியம் முடிந்து அவள் வேலைக்கு வந்த அன்றைக்கு, "இனிமே குங்குமக் கிண்ணத்தை நீ தொட வேண்டாம் அமுதவல்லி" என்றார் பெரியம்மா. அதட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். பிரியமாகச் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

அதற்கு முன்னால் அதையும் அவள்தான் தேய்த்தாள். அதிலும் சிங்கம் போயிருந்தால்? ஒன்றுக்கு இரண்டாகத் திருடியவள் ஆவாள்.

ஞாயிறு வந்தது, ரொனால்டும் வந்தார். வேறு போக்கில்லை. பூஜை அறை வாசலுக்கு வெளியிலேயே நின்று அமுதவல்லி கையை நீட்டினாள்.

"அந்தக் குங்குமக் கிண்ணத்தக் கவுத்துப் பாருங்க சின்னம்மா. அதுவும் இதும் ஜோடிங்க. அத நான் நொம்ப வருசமாத் தொடறதில்லீங்க."

"ஏன்?" என்று கேட்ட கௌரி, அவள் நெற்றியைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை.

குங்குமத்தைத் தட்டில் கொட்டினார்கள். அதே மூன்று கால். ரொனால்ட் அடியைத் துடைத்தார். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு சிங்கம் நின்றது, பக்கத்தில் செய்தவனுடைய இரண்டு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தன. அவர் மற்றக் கிண்ணத்தை எடுத்து, அதே இடத்தில் வாயால் ஊதினார். ஆவி படிந்து மறைவதற்குள் ஒரு வாலும் அரை எழுத்தும் தெரிந்து மறைந்தன.

"இதேதான் மேடம். ரெண்டும் ஒருத்தன் செஞ்சது. இந்தம்மா பொய் சொல்லலை."



அவர் குங்குமம் இருந்த கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தேய்த்தார். "உள்ள தங்க முலாம் பாருங்க. உப்பு அரிக்காம இருக்கறதுக்கு. இது குங்குமத்துக்குச் செஞ்சதில்லை, சாப்பாட்டு மேசையில உப்பு வைக்கிற கிண்ணம்."

உப்புக் கிண்ணம். அதைத் தொட்டால் தோஷமென்றா இத்தனை வருசம் வாசலில் நின்றோம் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழி நீங்கிய சந்தோசம் இருந்த இடம் தெரியவில்லை.

"சரி, போய் சமையலைப் பாரு" என்றாள் கௌரி. தட்டிலிருந்த குங்குமத்தைச் சிந்தாமல் திரும்ப அள்ளிப் போட்டு, கிண்ணத்தைப் பழைய இடத்திலேயே வைத்து அலமாரியைச் சாத்தினாள்.

மதியம் இலை போட்டதும், அமுதவல்லி தேய்ந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள். நிறையக் கல்லுப்பு.

"யாரும் உப்புக் கேக்கலையே" என்றாள் கௌரி.

"இருக்கட்டுங்க சின்னம்மா. இதுக்குத்தானுங்களே செஞ்சிருக்குது."

ரொனால்ட் ரெண்டு கல் எடுத்து மோரில் போட்டுக்கொண்டார். கௌரியின் கை கடைசிவரை அந்தப் பக்கம் வரவில்லை.